மாமரத்துத் திட்டும் பிரியாணிக் கல்பாசியும்

'எங்கள் மாந்தோப்பில் வயதான மரங்கள் சிலவற்றின் அடிமரத்திலும் கிளைகளிலும் வெள்ளை, சாம்பல், வெளிர்பச்சை நிறங்களில் திட்டுத்திட்டாகப் படர்ந்திருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் சொறி நோய் என்கிறார். கடையில் காப்பர் மருந்து கொடுத்திருக்கிறார்கள். அடிக்கலாமா?' காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். தென்னை, பலா, சப்போட்டா வைத்திருப்பவர்களிடமிருந்தும் இதே கேள்வி அடிக்கடி வருகிறது.

சுருக்கமான பதில்: அடிக்க வேண்டாம். அது நோய் இல்லை. அது மரப்பாசி. பள்ளிப் புத்தகத்தில் லைக்கன் என்று போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் அதன் உறவுக்காரர் ஒருவர் இருக்கலாம். பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் தாளிக்கிற கல்பாசியும் ஒரு லைக்கன்தான்.

அந்தக் கல்பாசியை யாரும் பயிர் செய்வதில்லை. மலைக்காட்டு மரங்களிலிருந்தும் பாறைகளிலிருந்தும் உரித்து எடுத்துத்தான் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். வளர்கிற வேகத்தைவிட எடுக்கிற வேகம் கூடினால் என்ன ஆகும் என்பது நெல்லும் கரும்பும் பயிரிடுகிற நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் வாசகரின் கேள்விக்குக் கொஞ்சம் நீளமான பதிலையும் பார்த்துவிடுவோம்.

ஓர் உடல், இரண்டு உயிர்

லைக்கன் தனிச்செடி இல்லை. ஒரு பூஞ்சணமும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற கூட்டுக்குடித்தனம். பூஞ்சணம் வீடு கட்டிக் கொடுக்கிறது. மழை, பனி, காற்றின் ஈரம் ஆகியவற்றை உறிஞ்சி வைக்கிறது. உள்ளே குடியிருக்கும் பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைத்து இருவருக்கும் பரிமாறுகிறது. 1867-ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் இந்த உண்மையைச் சொன்னபோது, அந்தக் காலத்து லைக்கன் அறிஞர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். இன்று அதுதான் பாடம்.

நெல் வயலில் அசோலா விடுகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது. அசோலாவின் இலைக்குள் நீலப்பச்சைப் பாசி குடியிருந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது அல்லவா? சில லைக்கன்களிலும் அதே நீலப்பச்சைப் பாசிதான் கூட்டாளி. உரம் போட ஆள் இல்லாத காட்டில், மரக்கிளையில் இருந்தபடியே அவை தழைச்சத்தைச் சேர்க்கின்றன. உதிர்ந்து மக்கும்போது அந்தச் சத்து மண்ணுக்குப் போகிறது.

மரத்தில் ஒட்டியிருந்தாலும் லைக்கன் மரத்தின் சாற்றைக் குடிப்பதில்லை. அதற்கு வேர் கிடையாது. அடியில் உள்ள மெல்லிய இழைகள் பட்டையைப் பிடித்துக்கொள்ள மட்டுமே உதவும். மாமரத்தில் வரும் புல்லுருவியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. புல்லுருவி கிளைக்குள் உறிஞ்சுகுழல் விட்டுச் சாறு குடிக்கும். அதைக் கிளையோடு வெட்டி எடுக்கத்தான் வேண்டும். லைக்கன் வாசலில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி. வீட்டுக்குள் கை வைக்காது.

லைக்கன்களை மூன்று விதமாகப் பிரித்துப் பார்க்கலாம். சுண்ணாம்பு தெளித்தது போலப் பட்டையோடு பட்டையாக ஒட்டியிருப்பது முதல் வகை. தென்னை, பனை, மா மரங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். சுருண்ட இலை போல ஓரம் தூக்கி நிற்பது இரண்டாம் வகை; கல்பாசி இதில் சேரும். சிறு புதர் போலவோ தாடி போலவோ கிளையிலிருந்து தொங்குவது மூன்றாம் வகை. ஊட்டி, கொடைக்கானல் சோலைகளுக்குப் போனவர்கள் கிளைகளில் பச்சை நரைத்தாடி தொங்குவதைப் பார்த்திருப்பார்கள்.

அப்படியானால், மெலிந்த மரத்தில் மட்டும் இது ஏன் அதிகமாக இருக்கிறது? இந்தச் சந்தேகம் நியாயமானது. இலை குறைந்த மரத்தில் வெயில் கிளைவரை இறங்கும். வெயில் கிடைத்தால் லைக்கன் நன்றாகப் படரும். மரம் மெலிந்ததால் லைக்கன் கூடியதே தவிர, லைக்கனால் மரம் மெலியவில்லை. மருந்தடித்து அதைக் கொன்றாலும் மரம் தேறாது. தண்ணீர், எரு, வேர், தண்டு துளைப்பான் என்று வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

கல்பாசி வரும் வழி

கல்பாசி என்று கடையில் விற்பதில் முக்கியமானது பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்ற லைக்கன். மேல்புறம் சாம்பல், அடிப்புறம் கருப்பு. சந்தைக்கு வரும் மூட்டையில் இந்த ஓர் இனம் மட்டும் இருப்பதில்லை. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் பல இனங்கள் கலந்தே வரும். வட இந்தியாவில் இமயமலைச் சரிவுகளிலிருந்தும், தெற்கில் மேற்குத் தொடர்ச்சி மலை போன்ற மலைப்பகுதிகளிலிருந்தும் வருகிறது. வடக்கே அதற்குப் பெயர் சரீலா. ஆயுர்வேதத்தில் சைலேயம் என்பார்கள்.

பச்சையாக முகர்ந்தால் பெரிய வாசனை எதுவும் இருக்காது. எண்ணெயில் பொரிந்ததும்தான் புகை கலந்த மண்வாசனை எழும். ஒரு குடும்பத்துச் சமையலுக்கு ஒரு சிட்டிகை போதும். அந்தச் சிட்டிகைக்குப் பின்னால் எத்தனை ஆண்டு இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இலை வகை லைக்கன்கள் பெரும்பாலும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே வளரும். ஓரம் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளங்கை அகலத்துக்கு, அதாவது குறுக்களவில் 8 சென்டிமீட்டருக்கு, அது படர 20 ஆண்டு ஆகும். ஒரு பிள்ளை பிறந்து கல்லூரிக்குப் போகிற காலம். அதைக் கத்தியால் சுரண்டி எடுக்க அரை நிமிடம் ஆகாது. காய்ந்தால் எடையே நிற்காது என்பதால், ஒரு கிலோ சேர்க்கப் பல மரங்களை உரிக்க வேண்டியிருக்கும்.

அரிதாவது ஏன்?

உலகில் சுமார் 20,000 லைக்கன் இனங்கள் இருப்பதாகக் கணக்கு. இந்தியாவில் மட்டும் 2,700-க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. இந்தியாவில் இந்தப் படிப்புக்கு அடித்தளம் போட்டவர் லக்னோவைச் சேர்ந்த பேராசிரியர் டி.டி. அவஸ்தி. 1922-ல் பிறந்து 2011-ல் மறைந்த அவர் சேர்த்த லைக்கன் தொகுப்பு, லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை லைக்கன் வளம் மிகுந்த பகுதிகளில் ஒன்று. யுனெஸ்கோ 2012-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மலைத்தொடர் அது.

இவற்றில் பல இனங்கள் எங்கு வேண்டுமானாலும் வளர்ந்துவிடாது. ஒன்றுக்குச் சோலை மரத்தின் சொரசொரப்பான பழைய பட்டை வேண்டும். இன்னொன்றுக்கு ஆண்டில் பாதி நாள் மேகம் தவழும் உயரம் வேண்டும். வேறொன்றுக்குப் பாதி நிழல், பாதி வெயில். 100 ஆண்டு மரம் ஒன்று விழுந்தால், பக்கத்தில் நாம் நடும் கன்று அந்தப் பட்டைப் பக்குவத்துக்கு வர அவ்வளவு காலம் ஆகும். நடுவில் குடியிருக்க வீடு இல்லை. வேளாண்மையில் ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவத்தில் விதைக்கலாம். இங்கே ஒரு பருவம் என்பதே ஒரு மனித ஆயுள்.

பரவுவதும் எளிதல்ல. பூஞ்சணத்தின் வித்து மட்டும் பறந்து போய் விழுந்தால் போதாது. சரியான பாசி அங்கே கிடைக்க வேண்டும். அதனால் பல லைக்கன்கள் பூஞ்சணமும் பாசியும் சேர்ந்த மாவு போன்ற துகள்களை உதிர்க்கின்றன. விதைநெல்லோடு உழவனையும் சேர்த்து அனுப்புவது போன்ற ஏற்பாடு. காற்றும் மழையும் அந்தத் துகளைப் பக்கத்து மரத்துக்குக் கொண்டுபோகும். பக்கத்தில் மரமே இல்லை என்றால் அந்தப் பயணம் அங்கேயே முடிந்துவிடும். காடு துண்டு துண்டாகும்போது, யாரும் கவனிக்காமல் முதலில் மறைகிறவற்றில் லைக்கனும் ஒன்று.

இதற்கு உலக உதாரணம் ஒன்று உண்டு. எரியோடெர்மா பெடிசெல்லேட்டம் என்ற லைக்கன் ஐரோப்பா, வட அமெரிக்கா பகுதிகளின் குளிர்ந்த ஈரக்காட்டு மரங்களில் வாழ்வது. மரம் வெட்டியதாலும் காற்று கெட்டதாலும் பல இடங்களில் அழிந்துபோனது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2003-ல் அதை மிக அருகிவிட்ட இனம் என்று சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் இடம் தரும் பட்டியலில் மரப்பாசி ஒன்றும் ஏறியது அப்படித்தான்.

நம் பக்கத்தில் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986-லும், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988-லும், கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-லும் அறிவிக்கப்பட்டன. லைக்கனை மனதில் வைத்து இவற்றை அறிவிக்கவில்லை. ஆனால் காட்டு விலங்குக்காகக் காப்பாற்றிய பழைய மரங்கள் லைக்கனுக்கும் அடைக்கலமாகிவிட்டன. கொல்லிமலையில் ஊர்க்காரர்கள் சாமிக்காக விட்டுவைத்திருக்கும் கோயில்காடுகளும் அப்படித்தான். சாமி மரத்தில் கத்தி வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, சிறிய உயிர்களையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது.

காஞ்சிபுரத்துக்கு இதில் என்ன?

மலை எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று தோன்றலாம். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. மலைக்காடு பிடித்து வைக்கும் ஈரம்தான் கீழே ஆறாகவும் ஏரியாகவும் கிணற்று ஊற்றாகவும் வருகிறது. பனியையும் தூறலையும் உறிஞ்சி மெதுவாக விடுகிற வேலையில் மரக்கிளையின் பாசிகளுக்கும் லைக்கன்களுக்கும் சிறு பங்கு உண்டு.

பறவைக்கும் அது வேண்டும். மின்சிட்டு தன் சின்னக் கிண்ணக் கூட்டைச் சிலந்தி வலையால் ஒட்டி, வெளிப்பக்கம் லைக்கன் துண்டுகளைப் பதித்துவிடும். கீழேயிருந்து பார்த்தால் கூடு எது, கிளையின் கணு எது என்று தெரியாது. அந்தக் குருவி குஞ்சுகளுக்கு ஊட்டுவது பூச்சியை. அது நம் தோட்டத்துக்கும் நல்லது.

பட்டு நகரத்துக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. நம் கிழக்குக் கடற்கரை ஓர மரங்களில் ரோசெல்லா மாண்டேக்னை என்ற லைக்கன் சாம்பல் நிற ரிப்பன் போலத் தொங்கும். அதை விவரித்துப் பெயரிட்டவர் பெலாஞ்சர் என்ற பிரெஞ்சுக்காரர். 1820-களில் புதுச்சேரியில் தாவரத் தோட்டம் அமைக்க வந்தவர். ரோசெல்லா இனங்களை அம்மோனியா கலந்த நீரில் காற்றுப்பட வாரக்கணக்கில் ஊறவைத்தால் ஊதாச் சாயம் கிடைக்கும். பழங்காலத்தில் அம்மோனியாவுக்குப் புளித்த சிறுநீரைப் பயன்படுத்தினார்கள். படிகாரம் போன்ற காரம் எதுவும் இல்லாமலே பட்டும் கம்பளியும் இந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் ருச்செல்லாய் என்ற குடும்பம் இந்தச் சாயத்தால்தான் செல்வம் சேர்த்தது. அதன் பெயரே இந்தச் சாயத்திலிருந்து வந்தது.

1856-ல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு லைக்கன் சாயத்துக்குச் சந்தை சுருங்கியது. இப்போது 'இயற்கைச் சாயப் பட்டு' என்ற பேச்சு மறுபடி எழுகிறது; நல்லதுதான். ஆனால் அதற்கு அவுரி, மஞ்சள், மாதுளை ஓடு என்று ஆண்டுதோறும் விளைவிக்கக்கூடிய பொருள்கள் இருக்கின்றன. அவற்றைப் பயிர் செய்தால் உழவருக்கும் வருமானம். ஒரு புடவைக்காகப் பல ஆண்டு வளர்ந்த லைக்கனைச் சுரண்டுவது முதலையே எடுத்துச் செலவு செய்வது போல.

பள்ளியில் அமிலமா காரமா என்று பார்க்கும் லிட்மஸ் தாளின் சாயமும் லைக்கனிலிருந்து வந்ததுதான். மண்ணின் அமிலத்தன்மையை முதன்முதலில் அந்தத் தாளில் பார்த்தவர்கள் நம்மில் நிறைய பேர் இருப்பார்கள்.

காற்றுக்குச் சாட்சி

வேர் இல்லாததால் லைக்கனுக்குத் தேவையான எல்லாமே காற்றிலிருந்தும் மழையிலிருந்தும்தான் வர வேண்டும். நல்லதை உறிஞ்சுவது போலவே நஞ்சையும் உறிஞ்சிவிடும். கழித்துவிட வழி கிடையாது. நிலக்கரிப் புகையில் வரும் கந்தக டை ஆக்ஸைடு பட்டால் பல இனங்கள் செத்துப்போகும். 1866-ல் நைலாண்டர் என்ற அறிஞர், பாரிஸ் நகரின் லக்சம்பர்க் தோட்டத்தில் இருந்த லைக்கன்கள் நகரின் மற்ற இடங்களில் இல்லாததைக் கவனித்து, இவை காற்றின் தூய்மையைக் காட்டும் அளவுகோல் என்றார். லண்டனில் நிலக்கரிப் புகை குறைந்த பிறகு, காணாமல் போயிருந்த லைக்கன்கள் சில திரும்பி வந்தன.

இதை நம் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலை ஓரத்து மரம் ஒன்று, கிராமத்து ஏரிக்கரை மரம் ஒன்று. இரண்டும் ஒரே இனமாகவும் ஏறக்குறைய ஒரே பருமனாகவும் இருக்கட்டும். மார்பு உயரத்தில் ஒரு முழ அளவுக்கு எத்தனை வகைத் திட்டு இருக்கிறது என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். அதே மரங்களை இரண்டு ஆண்டு கழித்து மறுபடி எண்ணட்டும்.

மலைத்தோட்டக்காரர்களுக்கும் சேகரிப்போருக்கும்

ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் காபி, மிளகு வைத்திருப்பவர்கள் நிழலுக்காக நிற்கும் பழைய நாட்டு மரங்களை முடிந்தவரை விட்டுவையுங்கள். வேகமாக வளர்கிறது என்று எல்லாவற்றையும் சில்வர் ஓக்காக மாற்றினால், பலவகைப் பட்டை வேண்டிய லைக்கன்களுக்கு இடம் இருக்காது. ஏக்கருக்குச் சில மரமாவது பழசாக நின்றால், அங்கிருந்து துகள் பரவி இளமரங்களுக்கும் போகும்.

சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் அனுமதியின்றி லைக்கன் எடுப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தலைமுறையாகக் காட்டில் வாழும் பழங்குடியினருக்கும் மற்ற வனவாசிகளுக்கும் சிறுவனப் பொருள் சேகரிக்கும் உரிமையை 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தந்திருக்கிறது. உரிமை உள்ளவர்கள் நான்கு பழக்கத்தைக் கடைப்பிடித்தால் பிள்ளைகள் காலத்திலும் கல்பாசி இருக்கும்.

முதலாவது, விழுந்த கிளையிலும் கவாத்து செய்த கிளையிலும் உள்ளதை முதலில் எடுங்கள். இரண்டாவது, நிற்கும் மரத்தில் எடுத்தால் பாதிக்கு மேல் விட்டுவிடுங்கள். மூன்றாவது, கல்பாசிக்காகக் கிளையை வெட்டாதீர்கள், பட்டையோடு உரிக்காதீர்கள். நான்காவது, ஒரு மரத்தில் எடுத்தால் அதைப் பல ஆண்டு தொடாமல் விடுங்கள்.

கேட்டீர்கள், சொல்கிறோம்

• இது லைக்கன்தான், நோய் இல்லை என்று எப்படி உறுதி செய்வது?

திட்டின் மேல் தண்ணீர் தெளியுங்கள். சாம்பல் நிறம் சில நிமிடத்தில் பச்சை கலந்து வந்தால் உள்ளே பாசி இருக்கிறது என்று அர்த்தம். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கீழே பட்டை அழுகாமல், வெடிக்காமல் இருக்கும். இலையில் துரு நிறத்தில் வட்ட வட்டமாகப் புள்ளி வந்தால் அது சிவப்புத் துரு என்ற வேறு பிரச்னை. அதுவும் ஒரு பாசியால்தான் வருகிறது, ஆனால் அது இலையைக் கெடுக்கும். காப்பர் மருந்து அதற்குத்தான். அளவை வேளாண் அல்லது தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு அடியுங்கள்.

• தென்னையின் அடிமரம் முழுக்க வெள்ளைத் திட்டு. காய்ப்பு குறையுமா?

குறையாது. ஆனால் அடித்தண்டில் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடிந்தால் உடனே கவனியுங்கள். அது தஞ்சாவூர் வாடல் நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

• பார்க்க நன்றாக இல்லை, எடுத்தே ஆக வேண்டும் என்றால்?

மழை பெய்து ஊறியிருக்கும்போது ஈரச்சாக்கால் அல்லது தேங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்தால் போதும். மண்ணெண்ணெய், டீசல், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அவைதான் பட்டையைப் புண்ணாக்கும்.

• கல்பாசியும் கடல்பாசியும் ஒன்றா?

இல்லை. கடல்பாசி கடலில் வளரும் பாசி. அதன் ஒரு வகையிலிருந்து அகர் அகர் எடுக்கிறார்கள். கல்பாசி மரத்திலும் பாறையிலும் வளரும் லைக்கன். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சமையலில் போட முடியாது.

• கல்பாசி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மேலே சாம்பல், அடியில் கருப்பு, தொட்டால் மொறுமொறுப்பு இருக்க வேண்டும். பட்டைத் தூளும் மண்ணும் அதிகம் இருந்தால் மரத்தை முரட்டுத்தனமாகச் சுரண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 25 கிராம் வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு நெடுநாள் வரும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஈரம் படாமல் வையுங்கள்.

• கல்பாசியை வயலில் சாகுபடி செய்ய முடியுமா? நாற்று கிடைக்குமா?

லாபத்துக்குச் சாகுபடி செய்யும் முறை இன்றுவரை இல்லை. ஆய்வகத்தில் லைக்கனை வளர்த்துப் பார்க்கிறார்கள். அங்கேயும் அது மிக மெதுவாகத்தான் வளர்கிறது. கல்பாசி விதை, கல்பாசி நாற்று என்று யாராவது விற்க வந்தால் காசு கொடுத்துவிடாதீர்கள். கல்பாசிக்கு நாற்றங்கால் மலைக்காட்டின் பழைய மரம்தான்.